நன்றி அட்டையில் ஒரு பெயர்

1. எடுத்தது

தனபாக்கியம் எங்களிடம் ஒரே நிபந்தனைதான் வைத்தார்: முகம் தெரியக் கூடாது. ஐந்து மா நிலத்தை அவர் குடும்பம் இருபது வருடமாக வாய்மொழிக் குத்தகையில் சாகுபடி செய்தது. எழுத்தும் இல்லை, ரசீதும் இல்லை. குத்தகையைப் பதியக் கேட்டவர்களை நிலத்துக்காரர் எப்படி வெளியேற்றினார் என்பதைத்தான் அவர் கேமராவுக்குச் சொன்னார்.

கேமரா, என் நண்பன் ஆரோக்கியத்துடையது. தஞ்சாவூரில் கல்யாண வீடியோ எடுப்பவன். நான் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். குறுவை நடவில், நாற்று முடி பிரிக்கும் அவர் கைகளையும் முதுகையும் மட்டும் எடுத்தோம். எடிட்டிங்கில் குரலையும் மாற்றினோம்.

2. முடித்தது

ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆரோக்கியத்தின் எடிட்டிங் மெஷின் சும்மா இருந்தது. அந்த மாதத்திலேயே நாற்பது நிமிடப் படத்தை முடித்தோம். கடைசியில் நன்றி அட்டை. கல்யாண கேசட்டில் பந்தி பரிமாறியவர் பெயர்கூட விடுபடக் கூடாது; விட்டால் சண்டை வரும். அந்தப் பழக்கத்தில் அவன் தனபாக்கியத்தைப் பற்றிச் சொன்னான்: "மூணு நாள் சோறு போட்டுருக்காங்க. அவங்க பேர விட்டா நல்லாருக்காதுடா."

தலைப்பெழுத்து, தெரு, ஊர் என்று சரிபார்த்து எழுதியது நான். பத்திரிகைப் பழக்கம். ஒன்பது பெயர்கள். அதில் ஒன்றுதான் பெண் பெயர்.

3. வெளியிட்டது

ஒரு கல்யாண மண்டபத்தில் பகல் காட்சி. நிலத்துக்காரரின் காரியஸ்தரும் வந்திருந்தார். படம் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகும், அவர் மட்டும் உட்கார்ந்து அட்டையைக் கடைசி வரி வரை படித்தார். வாசலில் என்னிடம் வந்தார்.

"படம் நல்லாருக்கு சார். பேரெல்லாம் ஒண்ணு விடாம போட்டிருக்கீங்க."

பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

குறுவை அறுப்பு முடிந்ததும் அந்த ஐந்து மாவில் அடுத்த போகமான தாளடிக்கு வேறு ஆளின் டிராக்டர் இறங்கியது. விஷயம் கேள்விப்பட்டு நான் அங்கே போனபோது தனபாக்கியம் வரப்பில் நின்றிருந்தார். குரல் உயரவில்லை.

"முதுகக் காட்டினாப் போதும்னீங்க, காட்டினேன். பேர யாரு தம்பி கேட்டா?"

தாசில்தாருக்கு மனு எழுதித் தருகிறேன் என்றேன்.

"அதுலயும் எம் பேரப் போடணுமா?"

போட வேண்டும் என்றேன். அவர் திரும்பி நடந்தார்.

ஒருவரை மறைப்பது முகத்தோடு முடிவதில்லை என்று அன்று கற்றேன். ஆரோக்கியம் அட்டையை வெட்டி எடுத்தான். இப்போது இருக்கும் பிரதியில் யாருக்கும் நன்றி இல்லை.