வேல்விழி வாசிக்காத பக்கங்கள்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். வேல்விழி அதை ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்கும் பொருத்திப் பார்த்தாள். சோறு வேகவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அவள் கோவில்பட்டிப் பெண். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வாரமெல்லாம் உற்பத்தி லைனில் வேலை. ஞாயிற்றுக்கிழமை கம்பெனி ஏற்பாட்டிலேயே டிப்ளமோ வகுப்பு. மனிதர்கள் கணினியோடு பழகும் விதம் பற்றி ஒரு பாடம், அதில் ஒரு குழு புராஜெக்ட். லைனில் பழுதைப் பதிவு செய்யும் தொடுதிரையைக் கைக்கு வசதியாக மாற்றி அமைக்க வேண்டும். புதிய திரையை வரைவது அதே குழுவில் இருந்த சேரப்பணஞ்சேரிப் பெண் தென்றலின் பங்கு. அதற்கு முன்னால், மற்றவர்கள் என்ன கண்டறிந்தார்கள் என்று கட்டுரைகளைப் படித்து லிட்டரேச்சர் ரிவ்யூ எழுதுவது வேல்விழியின் பங்கு.

ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்தால் கண் சொருகும். எனவே ஒவ்வொரு கட்டுரையிலும் முதல் பக்கச் சுருக்கத்தோடு நிறுத்திக்கொண்டாள். ‘பொத்தான் பெரிதானால் தவறு குறையும்’ என்றது ஒன்று. முழுவதையும் கரைத்துக் குடித்தவள் போல எழுதிக் கொடுத்தாள். தென்றல் அதை நம்பிப் பெரிய பெரிய பொத்தான்களாக வரைந்தாள்.

சோதனை நாளில் லைன் பெண்கள் தொட்டார்கள், திரை அசையவில்லை. எல்லோர் கையிலும் உறை; உறை போட்ட விரலை அந்தத் திரை உணராது. சூப்பர்வைசர் அந்தப் பக்கம் திரும்பியதும் உறையை உருவிவிட்டுத் தொடுவதுதான் லைன் பழக்கம். வேல்விழியும் தினமும் அப்படிச் செய்பவள்தான், அதனாலேயே உறை அவள் நினைவுக்கு வரவில்லை. அன்று அவர் பக்கத்திலேயே நின்றதால் யாரும் கழற்றவில்லை.

“கையுறையக்கூட யோசிக்காம என்னம்மா டிசைன் இது?” என்று வகுப்பில் ஆசிரியர் தென்றலைப் பிடித்துக்கொண்டார். “ரிவ்யூ மட்டும் நல்லாருக்கு. வேல்விழிகிட்ட கத்துக்கோ.”

தென்றல் அழுதாள். கட்டுரைகளை முழுதாகப் படிக்காதது தனக்குத் தெரிந்தும், வேல்விழி வாயில் கொழுக்கட்டை வைத்தவள் போல உட்கார்ந்திருந்தாள்.

அறைக்கு வந்து அந்தப் பொத்தான் கட்டுரையை முழுதாகத் திறந்தாள். சோதனை வெறுங்கையால் நடந்தது, கையுறைக்கு இம்முடிவு பொருந்தாது என்று உள்ளே தெளிவாகவே எழுதியிருந்தார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். வாரம் முழுக்க, லைனில் உறையை உருவும் போதெல்லாம் தென்றலின் முகம் வந்து நின்றது.

அடுத்த ஞாயிறு எழுந்து நின்றாள். “சார், அந்தப் பொத்தான் கட்டுரைய நான் முழுசா வாசிக்கல. தப்பு என் மேலதான், தென்றல் மேல இல்ல.”

“இனிமேலாவது படிச்சிட்டு எழுதும்மா,” என்று அவர் முடித்துக்கொண்டார். பாரம் இறங்கியது போலிருந்தது. தென்றல் பக்கம் திரும்பினாள்.

தென்றல் கோபப்படவில்லை. “படிக்கலன்னா வுடு, நானுந்தான் எத்தினியோ படிக்காம வுட்டுகிறேன்,” என்றாள். “ஆனா போன வாரம் சார் என்னைத் திட்டிகினு இருந்தப்ப, நீ என் பக்கத்துலதானேடி ஒக்காந்துகினு இருந்த?”