ஐந்தாம் நம்பர் மலையில் சிவப்புத் துணி

என் மழைக்கோட்டின் இடது பையில் எப்போதும் ஒரு துணிக்கீற்று இருக்கும். இரண்டு விரல் அகலம், ஒரு முழ நீளம், பழைய சேலையொன்றின் கரையிலிருந்து கிழித்தது. மழையும் வெயிலும் குடித்துக் குடித்து நிறம் வெளுத்துவிட்டது. அதைச் சிவப்பு என்று சொல்ல இப்போது கொஞ்சம் பெரிய மனது வேண்டும். கோட்டைத் துவைக்கும்போதெல்லாம் என் மனைவி அதை எடுத்து மேசைமேல் வைப்பாள். நான் எடுத்து மறுபடியும் பைக்குள் வைத்துக்கொள்வேன். கோயில் கயிறு என்று நினைத்து மரியாதையாகப் பார்ப்பவர்களும் உண்டு. கோயிலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது என் மதினியின் சேலை.

மதினி என் அண்ணனின் மனைவி. ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து, நோர்வூட்டுக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். வந்த மறுவாரமே கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போனார். போன முதல் நாளே ஊர் வாயில் விழுந்தார். கொழுந்தெடுக்கும் பெண்கள் ஆளுக்கொரு மட்டக்கம்பு வைத்திருப்பார்கள். தேயிலைச் செடியின் தலைமேல் அதைக் கிடத்தி, அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கொழுந்தைக் கிள்ளுவார்கள். மதினியோ அந்தக் கம்பால் முதலில் செடியை இரண்டு தட்டுத் தட்டுவார். தட்டிவிட்டு, ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம் சும்மா நிற்பார். உள்ளேயிருந்து ஓணான் இறங்கி ஓடும், சில சமயம் கொண்டைக்குருவி விருட்டென்று பறக்கும். பெரும்பாலும் ஒன்றும் வராது. அதன்பிறகுதான் கை செடிக்குள் போகும்.

குருவிக் கூடு கண்டால் அந்தச் செடியில் ஒரு வெள்ளைத் துணி கட்டுவார். குஞ்சு பறக்கும்வரை அதை யாரும் தொடக்கூடாது. குளவிக் கூடு கண்டால் சிவப்பு. சுற்றியுள்ள செடிகளையும் விட்டுவிட்டு, சத்தம் போடாமல் விலகிப் போக வேண்டும். துணிக்காக வீட்டிலிருந்த பழைய சேலைகளெல்லாம் கீற்றுக் கீற்றாகப் போயின. "இவ தேயிலைக்கெல்லாம் தாலி கட்டிக்கிட்டுத் திரியிறா" என்று பெண்கள் கேலி செய்தார்கள். மதினிக்கு வாய் மட்டும் குறைச்சலா? "கட்டுனா என்னாங்கிறேன்? ஒங்க வீட்டு ஆம்பளைங்கள விட அது நின்ன எடத்துல ஒழுங்கா நிக்குதுல்ல" என்பார். சிரித்துச் சிரித்தே அவர்களும் பழகிவிட்டார்கள். ஒரு வருடத்துக்குள் எங்கள் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் வெள்ளை எது, சிவப்பு எது என்று தெரிந்திருந்தது. துணி இருக்கும் இடத்தில் விலகுவார்கள். துணி இல்லாத இடத்தில் பயமில்லாமல் கையை விடுவார்கள். இந்த இரண்டாவது விஷயத்தை நான் அப்போது யோசித்துப் பார்க்கவில்லை.

அந்தக் காலத்தில்தான் நான் அதே தோட்டத்தில் கண்டாக்கு ஆனேன். வெளிக்கள உத்தியோகத்தர் என்று கடிதத்தில் இருக்கும். மலையில் எல்லோருக்கும் கண்டாக்குதான். எந்தக் குழு எந்த மலைக்குப் போவது என்று, காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் பிரித்து அனுப்புவது என் வேலை. தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன் அந்தக் களத்தில் தொப்பியோடு நிற்பது சின்ன விஷயமில்லை. எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது. மதினி வீட்டில் என்னைத் தம்பி என்பார், மலையில் ஐயா என்பார். அந்த 'ஐயா'வில் ஒரு சிரிப்பு ஒளிந்திருக்கும். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். ஏன் மறைப்பது, வந்தது.

ஒரு நாள் தோட்டத்தை நடத்தும் துரை என்னைக் கூப்பிட்டு, நாளை மறுநாள் வெளிநாட்டிலிருந்து தேயிலை வாங்குகிறவர்கள் வருகிறார்கள், ரோட்டோரத்து ஐந்தாம் நம்பர் மலை கண்ணாடி போல இருக்க வேண்டும் என்றார். நான் மழைத்தண்ணீர் ஓடும் கானெல்லாம் சுத்தம் செய்ய வைத்தேன். ரோட்டில் நின்று பார்த்தபோது பச்சையாக விரிந்து கிடந்த மலையில் அங்கங்கே கந்தல் துணி ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு மானம் போவது போல இருந்தது. விருந்தாளி வருவதற்கு முந்தின நாள் பின்னேரம், எல்லோரும் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வீட்டுக்குப் போனபின், நானே தனியாக ஏறி ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். வெள்ளையும் சிவப்பும் கோட்டுப் பை நிறைய இருந்தன. எந்தச் செடியில் எது இருந்தது என்று பார்த்து வைத்துக்கொள்ளவில்லை. அங்கே எப்போதும் கொழுந்தெடுப்பது மதினியின் குழு. அவர்களுக்குக் கூடு இருக்கும் இடமெல்லாம் மனப்பாடம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை பெரட்டில் துரைக்கு இன்னொரு யோசனை வந்தது. ரோட்டோரத்தில் இளம் பெண்கள் இருக்கும் குழுவை நிறுத்தினால் விருந்தாளிகள் படம் பிடிக்க நன்றாக இருக்குமாம். நான் தலையை ஆட்டினேன். மதினியின் குழுவைப் பக்கத்து ஆறாம் நம்பருக்கு அனுப்பிவிட்டு, மற்றக் குழுவை ஐந்தாம் நம்பரில் நிறுத்தினேன். அவர்களுக்குத் துணி தெரியும், இடம் தெரியாது. மதினி போகிற போக்கில் நின்று, "ஐயா, அஞ்சாம் நம்பர்ல செவப்பு நாலு எடத்துல இருக்கு. சொல்லிவிடுங்க" என்றார். "எல்லாம் எனக்குத் தெரியும், நீங்க போங்க" என்றேன். அவ்வளவு பேர் முன்னால் அவர் எனக்குச் சொல்லித் தருவதா என்பதுதான் அப்போது என் மண்டையில் ஓடியது.

பத்து மணி இருக்கும். விருந்தாளிகளின் வேன் இன்னும் வந்திருக்கவில்லை. ஐந்தாம் நம்பரின் நடுவிலிருந்து ஒரு அலறல் கேட்டது. பின்னால் பத்து அலறல். கூடைகளை எறிந்துவிட்டுப் பெண்கள் நாலாபக்கமும் ஓடினார்கள். தலைக்கு மேலே குளவி கரும்புகையாகச் சுற்றியது. நான் ரோட்டில் நின்றேன். ஆறாம் நம்பரிலிருந்து செடிகளுக்கு நடுவே விழுந்தடித்து ஓடிவந்தவர் மதினி. "கைய வீசாதீங்கடி! மூஞ்சிய மூடிக்கிட்டு கீழ எறங்குங்க!" என்று அவர் கத்தியது இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது. ஒரு பெண் கானுக்குள் விழுந்து எழ முடியாமல் கிடந்தாள். மதினி இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து அவள்மேல் போர்த்தி, அதன்மேல் தானும் கவிழ்ந்து படுத்துக்கொண்டார்.

கொழுந்து லொறியில் ஏழு பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஏழு பேரும் பிழைத்தார்கள். இதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. அன்று பின்னேரம் நான் வார்டுக்குப் போனபோது மதினியின் முகம் அடையாளம் தெரியவில்லை. ஒரு கண் முழுதாக மூடியிருந்தது. மற்றதில் ஒரு கீற்றுத் திறந்திருந்தது. அண்ணன் தேத்தண்ணி வாங்க வெளியே போகும்வரை பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "தம்பி, துணிய அவுத்தது நீங்கதானே?"

ஆமாம் என்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"எங்கிட்ட சொல்லி என்னா செய்ய? நாளைக்குப் பெரட்டுல சொல்லுங்க. குளவிக் கூட்ட எரிக்கிறோம்னு ஆம்பளைங்க தீப்பந்தம் கட்டுறாங்களாம். அது நம்மளத் தேடி வரல தம்பி, நாமதான் அது வீட்டுக்குள்ள கைய விட்டோம். அது எங்க இருக்குன்னு தெரிஞ்சா ஒதுங்கிப் போகலாம். எரிச்சுட்டா மிச்சம் இருக்கிறது எங்க போய்க் கட்டும்னு யாருக்குத் தெரியும்? லயத்துக் கூரைல கட்டுனா என்னா செய்வீங்க?"

மறுநாள் காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்கள் டயர்த் துண்டும் மண்ணெண்ணெயுமாக நின்றார்கள். துரையும் எரிக்கட்டும் என்றுதான் நின்றார். குளவியைக் குற்றவாளியாக்கிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி, எனக்குத்தான் அதிக நிம்மதி. நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் என் வேலையும் தொப்பியும் பத்திரமாக இருந்திருக்கும். அந்த ஒரு கீற்றுக் கண் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. "துணியை அவிழ்த்தது நான்" என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன், கடைசி வரிசைக்கும் கேட்டிருக்கும். கானுக்குள் விழுந்த பெண்ணின் கணவர் வந்து என் சட்டையைப் பிடித்தார். யாரும் விலக்கவில்லை. விலக்கியிருக்கவும் கூடாது. அவர் பிடியை விட்டபின், மதினி சொன்னதை அப்படியே சொன்னேன். குளவி கொட்டி முகம் வீங்கிக் கிடக்கிறவரே எரிக்க வேண்டாம் என்கிறார் என்றதும் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். துரை பந்தங்களை இறக்கச் சொன்னார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதோடு ஒரு வேலையும் வந்தது: அவிழ்த்த துணி அத்தனையையும் திரும்பக் கட்ட வேண்டும்.

எங்கே கட்டுவது? எனக்குத்தான் ஓரிடமும் தெரியாதே. ஒரு மட்டக்கம்பைக் கடன் வாங்கிக்கொண்டு ஐந்தாம் நம்பர் மலையின் முதல் செடியில் தொடங்கினேன். குளவி இருக்கலாம் என்று தோன்றிய இடங்களில் சாக்கைப் போர்த்திக்கொண்டு எட்ட நின்றே நீளக் கழியால் தட்டினேன். இரண்டு தட்டு, ஒரு மூச்சு. இரண்டு தட்டு, ஒரு மூச்சு. முதல் நாள் அவமானமாக இருந்தது. இரண்டாம் நாள் முதுகு வலித்தது. மூன்றாம் நாள் எனக்குள் ஏதோ மாறியது. பிறந்ததிலிருந்து பார்த்த மலைதான். அதில் இத்தனை குடியிருப்பு இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. ஒரு செடிக்குள் மூன்று குஞ்சு வாயைப் பிளந்துகொண்டு என்னைத் தாயென்று நினைத்தன. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அங்கேயே நின்று அழுதேன்.

மதினி வீடு திரும்பியதும் முதல் வேலையாக மலையைச் சுற்றிப் பார்த்தார். பாராட்டுவார் என்று நான் பக்கத்தில் நடந்தேன். "செவப்பு நாலும் சரியா இருக்கு. வெள்ளையில மூணு விட்டுட்டீங்க" என்று சொல்லிவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டார். அந்தச் சம்பவத்தைப் பற்றி அவர் பிறகு ஒருநாளும் பேசியதில்லை. வீட்டில் தம்பி, மலையில் ஐயா. அந்தச் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. எனக்குத்தான் அதில் எரிச்சல் போய்விட்டது.

அண்ணனும் மதினியும் இப்போது கொத்மலையில் மகள் வீட்டில் இருக்கிறார்கள். அவர்கள் பயணப்பட்ட அன்று கொழுந்தெடுக்கும் பெண்கள் எல்லோரும் லயத்து வாசலில் கூடியிருந்தார்கள். மதினி பையிலிருந்து ஒரு சிவப்புத் துணியை எடுத்து, எல்லோரும் பார்க்க என் மணிக்கட்டில் கட்டினார். "எதுக்கு மதினி?" என்றேன். "குளவி எங்க இருக்குன்னு எல்லாருக்கும் தெரியணும்ல" என்றார். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அதை அவிழ்த்துக் கோட்டுப் பைக்குள் வைத்தேன்.

சென்ற மாதம் புதிதாக வந்த துரை என்னோடு ஐந்தாம் நம்பருக்கு வந்தார். நல்ல பிள்ளை, சுறுசுறுப்பானவர். மலையைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. திங்கட்கிழமை ஆட்கள் பார்க்க வருகிறார்கள், இந்தக் கந்தலையெல்லாம் எடுத்துவிடுங்கள் என்றார். என் கை தானாகவே கோட்டுப் பைக்குள் போய்த் துணியைப் பிடித்துக்கொண்டது. "அது மட்டும் முடியாதுங்க சேர்" என்றேன். அவர் கோபப்படுமுன், சிவப்பு கட்டிய செடி ஒன்றுக்கு எட்ட நிறுத்தி, பேசாமல் ஒரு மூச்சு நேரம் கேட்கச் சொன்னேன். உள்ளேயிருந்து குளவிகளின் இரைச்சல் மெதுவாக வந்தது. துரை இரண்டடி பின்னால் வைத்தார். பிறகு, "சரி, இருக்கட்டும்" என்றார்.

திரும்பும்போது, பையிலிருந்து என் கையோடு வெளியே வந்திருந்த துணியைக் கவனித்துவிட்டார். "அது எந்தச் செடியில கட்ட?" என்று கேட்டார்.

"இது எனக்குங்க சேர்" என்று சொல்லி, அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.