என் பெயரில் ஒரு கதவு

நான் எடுத்த படங்களில் சிறந்தது எது என்று கேட்பவர்கள் பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். சைகோன் துறைமுகத்தில், வீடே இல்லாமல் நிற்கும் ஒரு கதவை ஒரு சிறுமி தட்டிக்கொண்டிருக்கும் படம். ஓய்வுபெறும்வரை அரசாங்கச் செலவில் ஏழெட்டு நாடுகளில் காமிராவைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன். நிலைத்தது அந்த ஒன்றுதான். அதை நான் எடுக்கவில்லை.

கோப்பில் முதலில் பொருள், பிறகு விவரம் என்று எழுதிப் பழகியவன். அதனால் பொருளை மேலே சொல்லிவிட்டேன். இனி விவரம்.

போர் நின்றுவிட்டதாகக் காகிதத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்த காலம் அது. பிரெஞ்சுக்காரர்கள் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வடக்கிலிருந்து மக்கள் கப்பல் கப்பலாக வந்து சைகோனில் இறங்கினார்கள். ஒப்பந்தப்படி எல்லாம் நடக்கிறதா என்று பார்க்க டில்லியிலிருந்து அனுப்பப்பட்ட ஓர் அலுவலகத்தில் நான் புகைப்படக்காரன். பாலத்தின் தூண்கள், பெட்டிகளின் மேல் அச்சிட்ட எண்கள், டான் சோன் நாட் விமான நிலையத்தில் இறக்கிய இயந்திரங்கள் இவைதான் எனக்கு வாய்த்த வெளிநாட்டுக் காட்சிகள். எதை எடுத்தாலும் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுக்க வேண்டும் என்பது விதி. மேகாங் ஆற்றில் சூரியன் மறைவதை ஒருமுறை எடுத்தேன். அதன் ஓரத்திலும் அளவுகோல் இருக்கிறது.

அங்கேதான் அந்தக் காரைக்கால்காரரைச் சந்தித்தேன். அவருடைய அப்பா பிரெஞ்சு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக வந்தவர். இவர் அங்கேயே வளர்ந்து பிரெஞ்சு ராணுவத்தின் புகைப்படப் பிரிவில் வேலை பார்த்தார். அந்தப் பிரிவு கப்பல் ஏறியபோது இவரையும் ஓர் இரட்டைக் கண் காமிராவையும் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டில் எதைப் பழுது என்று கருதினார்களோ தெரியாது. பிறகு அவர் பத்திரிகைகளுக்குப் படம் எடுத்துக் கொடுத்துப் பிழைத்தார். என்னைவிட இரண்டு வயது சிறியவர். சட்டையை உள்ளே செருகிய எல்லோரையும், ஐயா என்பதற்குப் பிரெஞ்சில் 'முசியே' என்று கூப்பிடுவார். என்னையும் அப்படித்தான்.

என்னிடம் ஒளி அளக்கும் கருவி இருந்தது. தோலுறை போட்டது, ஆண்டுதோறும் சரிபார்த்துச் சான்று வாங்கியது. அவர் தன் புறங்கையை வெயிலில் நீட்டிப் பார்ப்பார், காமிராவில் ஏதோ திருகுவார், எடுப்பார். சரியாக இருக்கும். ஒருமுறையாவது தவறாதா என்று எட்டு மாதம் காத்திருந்தேன்.

அதுகூடப் பெரிதில்லை. சந்தையில் மீன்காரி செதில் சுரண்டிக்கொண்டிருப்பாள். அவர் ஒரு முழம் தூரத்தில் குந்தி உட்கார்ந்து அவள் பாஷையில் ஏதோ சொல்லுவார். அவளும் தலை நிமிராமலே ஏதோ திருப்பிக் கொடுப்பாள், பக்கத்துக் கடைக்காரிகள் சிரிப்பார்கள், அதற்குள் படம் எடுத்து முடித்திருப்பார். நான் முக்காலியை விரித்தால் அதே மீன்காரி எழுந்து கை கழுவி, கழுத்துப் பொத்தானைப் போட்டு, இரண்டு காதும் தெரிய நேராக நிற்பாள். சைகோன் நகரம் முழுவதும் என் காமிராவுக்கு முன்னால் அடையாள அட்டைக்கு நின்றது.

அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். இல்லை. பழகுவதற்கு நல்லவர். நடைபாதைக் கடை ஸ்டூலில் என்னையும் உட்காரவைத்துப் பனிக்கட்டி போட்ட காப்பி வாங்கித் தருவார். என் பாலத்துத் தூண்களைப் பார்த்து, ரொம்பத் தெளிவா இருக்கு முசியே என்று மனதாரச் சொல்லுவார். அந்த மனதாரவைத்தான் என்னால் தாங்க முடிந்ததில்லை.

அவருக்கு இருட்டறை கிடையாது. எனக்கு இருந்தது. அந்த ஊர் வெக்கையில் குழாய்த் தண்ணீரில் படச்சுருளைக் கழுவினால் மேலே பூசியிருக்கும் மருந்து இளகி வழிந்துவிடும். அதனால் தினமும் பிற்பகலில் உமி போட்டு மூடிய ஐஸ் பாளம் ஒன்று சைக்கிள் ரிக்‌ஷாவில் எங்கள் அலுவலகத்துக்கு வரும். அதை உடைத்துத் தொட்டியைச் சுற்றிப் போட்டு, டெவலப்பர் இருபது டிகிரிக்கு இறங்கியபின் கழுவ வேண்டும். அவர் தன் சுருள்களை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். நான் கழுவிக் கொடுப்பேன். இது விதிக்குப் புறம்பு. ஆனாலும் செய்தேன். முக்கியக் காரணம், அவர் என்ன எடுத்தார் என்று அவருக்கு முன்னால் நான் பார்த்துவிடலாம்.

அந்தப் படத்தைத் தந்த கப்பல் வந்த காலையில் நாங்கள் இருவருமே துறைமுகத்தில் இருந்தோம். என்னிடம் மூன்று முத்திரை குத்திய அனுமதிச் சீட்டு இருந்தது. ஆகவே என்னைக் கப்பலின் மேல்தளத்தில் நிறுத்தினார்கள். இறங்குகிறவர்களின் வரிசையை எண்ணுவதற்கு வாகாக மேலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். அவரிடம் சீட்டு கிடையாது. சுமை தூக்குகிறவர்களோடு சேர்ந்து உள்ளே வந்திருந்தார். ஒருவன் முதுகில் எதையோ அகலமாகச் சுமந்துகொண்டு இறங்கியதை நான் பார்த்தேன். எண்ணிக்கைக்குச் சம்பந்தமில்லாத பொருள் என்று விட்டுவிட்டேன்.

அன்று பிற்பகல் அவர் கொடுத்த சுருளைக் கழுவி உலரவிட்டு, காய்ந்தபின் ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். பன்னிரண்டு படங்கள். ஏழாவது படத்தில் அந்த ஆள் தான் சுமந்துவந்த கதவைத் தரையில் நெட்டுவாக்கில் நிறுத்தித் தோளால் முட்டுக்கொடுத்துப் பிடித்திருந்தான். கதவின் மறைவில் அவன் மனைவி உடை மாற்றிக்கொண்டிருந்தாள். ஒரு முழங்கை மட்டும் வெளியே தெரிந்தது. இந்தப் பக்கம் ஆறு வயதுப் பெண் ஒருத்தி முஷ்டியை உயர்த்திக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் வெட்டவெளி, மூட்டைகள், கயிறு. அவள் முகத்தில் சிரிப்பு வருவதற்குச் சற்று முந்திய நிலை.

நெகட்டிவில் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் இருக்கும். அப்படி இருந்தும் எனக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது. அந்த வரிசையை மேலிருந்து நான் நாற்பது படம் எடுத்திருந்தேன். அவற்றில் இரண்டில் அந்தக் கதவு இருக்கிறது. தீக்குச்சி அளவில் ஒரு கோடு.

அலுவலக மருந்துகளால் கழுவப்படும் எந்தப் படச்சுருளும் அலுவலக உடைமை என்று எங்கள் கையேட்டில் ஒரு பிரிவு உண்டு. அதை எழுதியபோது இப்படி ஒரு மத்தியானத்தை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். நான் கத்தரிக்கோலை எடுத்து ஏழாவது படத்தை மட்டும் வெட்டினேன். பழுப்பு உறையில் போட்டேன். பதிவேட்டைத் திறந்து வரிசை எண், இடம், வெளிச்சம் எல்லாம் எழுதினேன். எடுத்தவர் பெயர் என்ற கட்டம் வந்தது. காலியாக விட்டிருக்கலாம். அதற்கும் விதி இருக்கிறது, ஒரு சிறு கோடு போட்டால் போதும். என் பெயரை எழுதினேன்.

மறுநாள் அவர் வந்ததும் ஐஸ் சரியில்லை, ஒன்று இளகிப்போய்விட்டது என்றேன். எது என்று கேட்டார். ஏழாவது என்றேன். அந்தக் கதவுக்காரனுக்கு ஒரு பிரதி தருவதாக வாக்குக் கொடுத்திருந்தாராம். குடும்பத்தை நகருக்கு வெளியே தூ டுக் என்ற இடத்தில் ஒரு முகாமில் வைத்திருக்கிறார்களாம், எப்போது வேண்டுமானாலும் வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவார்களாம். பிறகு, ஐஸ்காரனை மாத்துங்க முசியே என்று சொல்லிவிட்டு, எனக்கும் சேர்த்துக் காப்பி வாங்கப் போனார்.

அந்தப் படத்தை டில்லிக்கு அனுப்பும் கட்டோடு சேர்த்தது நான்தான். அது அறிக்கையின் அட்டையில் வந்தது. பிறகு இரண்டு மூன்று பத்திரிகைகளில் வந்தது. கீழே என் பெயர். மேலதிகாரி என்னைக் கூப்பிட்டுக் கைகுலுக்கினார். இவ்வளவு நாள் இந்தத் திறமையை எங்கே ஒளித்துவைத்திருந்தாய் என்றார். அந்தக் கேள்வியில் இருந்த நியாயம் அவருக்குத் தெரியாது.

காரைக்கால்காரர் அதை ஒரு சலூனில் முடிவெட்டிக்கொண்டிருந்தபோது பார்த்திருக்கிறார். பாதி வெட்டிய தலையோடு வரவில்லை, முழுவதும் வெட்டிக்கொண்டு, பவுடர் வாசனையோடுதான் வந்தார். பத்திரிகையை என் மேஜையில் விரித்து வைத்தார்.

"ஐஸ் நல்ல ஐஸ்தான் போலிருக்கு, முசியே."

நான் கையேட்டின் பிரிவை எடுத்துச் சொன்னேன். பிரிவு எண், உட்பிரிவு எண் எல்லாம் தடுமாறாமல் வந்தன. அவர் குறுக்கிடாமல் கேட்டார். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்து அதற்கும் பதில் தயாரித்து வைத்திருந்தேன். அவர் கேட்டது ஒரே ஒரு பிரதி. முகாமை அடுத்த வாரம் கலைக்கப்போகிறார்கள், அதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்றார்.

வெளியாருக்குப் பிரதி தர விண்ணப்பம் வேண்டும் என்றேன். மூன்று நகல், அதோடு பிரதியை அலுவலகப் பிரதிநிதி முன்னிலையில்தான் ஒப்படைக்க வேண்டும். கடைசி நிபந்தனை கையேட்டில் இல்லை. அவர் அந்தக் குடும்பத்தின் முன்னால் தனியாகப் போய் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பாரத்தை வாங்கி, என் பேனாவையே கேட்டு, நின்றபடியே எழுதினார். பாதியில் நிறுத்தினார்.

"எடுத்தவர் பேருன்னு ஒரு கட்டம் இருக்கே அண்ணே. இதுல யாரு பேரை எழுதட்டும்?"

அன்றுதான் முதல்தடவை அண்ணே என்றார். பதிவேட்டோடு ஒத்துப்போகாத விண்ணப்பத்தை நிராகரிக்க வேண்டும் என்பதும் விதி. அதை அவரிடம் சொன்னேன். என் குரல் எப்படி இருந்தது என்று நினைவில்லை. அவர் தலையாட்டினார். அழகான சாய்ந்த கையெழுத்தில் என் பெயரை, முன்னெழுத்துகளோடு, மூன்று நகலிலும் எழுதிக் கீழே தன் கையொப்பத்தைப் போட்டார்.

மறுநாள் காலை அவருடைய மொபிலெத் மொபெட் வண்டியின் பின்னால் உட்கார்ந்து தூ டுக் போனேன். கூடாரங்களுக்கு நடுவே சிலர் ஓலையில் குடிசை போட்டிருந்தார்கள். அதில் ஒன்றுக்கு மட்டும் கனமான பலாமரக் கதவு. சுவரைவிடக் கதவு உறுதியாக இருந்தது. கதவுக்காரன் படத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணுக்கு நெருக்கமாக வைத்துப் பார்த்தான். மனைவியைக் கூப்பிட்டான். அவள் படத்தில் தன் முழங்கையைப் பார்த்துவிட்டு வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டாள். அவன் ஏதோ கேட்டான். காரைக்கால்காரர் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். அவன் என்னை ஒரு கணம் குழப்பத்தோடு பார்த்துவிட்டு, குனிந்து வணங்கினான்.

என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க எடுத்த படம்னு சொன்னேன். பாரத்துல அப்படித்தானே இருக்கு."

எனக்கு ஒரு கோப்பைத் தேநீர் வந்தது. ஒரே நாற்காலியும் எனக்குத்தான். அந்தச் சிறுமி என் பக்கம் வரவேயில்லை. அவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கதவுக்கு முன்னால் நிறுத்தினாள். அவர் மூன்று தரம் தட்டிவிட்டு ஏதோ சொன்னார். அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். எழுந்து அவள் தட்டினாள், அதையே அவரிடம் சொன்னாள். இப்படியே ஐந்தாறு தரம். துறைமுகத்தில் ஆரம்பித்த விளையாட்டு என்று புரிந்தது. எனக்கு எதிரே நடந்த அந்த விளையாட்டில் ஒரு சொல்கூட எனக்கு விளங்கவில்லை. படத்தைப் பார்த்தபோது வந்த பொறாமை, அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது வந்த பொறாமைக்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

திரும்பும் வழியில் வண்டிச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திக் கேட்டேன், அன்றைக்கு அந்தக் குழந்தையிடம் என்ன சொன்னீர்கள் என்று. ஒரு மாட்டுவண்டியைத் தாண்டிய பிறகு அவர் தலையைத் திருப்பாமல் சொன்னார்.

"படம் எடுத்தவரு நீங்க. உங்களுக்குத் தெரியாததா, முசியே?"

அவர் என்னிடம் கடுமையாகப் பேசியது அவ்வளவுதான். அதன்பின் அவர் எனக்குக் கழுவுவதற்குச் சுருள் கொண்டுவரவில்லை. புதுச்சேரியும் காரைக்காலும் இந்தியாவோடு சேர்ந்துவிட்டதால், அந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் தாங்கள் எந்த நாட்டுக் குடிமக்கள் என்று முடிவு செய்ய வேண்டிய நேரம் வந்தது. அவர் பிரான்ஸைத் தேர்ந்தெடுத்து மார்செய் போகும் கப்பலில் ஏறிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். வழியனுப்பப் போயிருக்கலாம். துறைமுகத்துக்கு என்னிடம் அனுமதிச் சீட்டு இருந்தது.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் அந்தக் கேள்வி வந்தது. கல்லூரிகளில், பரிசளிப்பு விழாக்களில், என் பணி ஓய்வு விழாவில்கூட. அந்தக் குழந்தை ஏன் தட்டுகிறது, நீங்கள் என்ன சொன்னீர்கள்? ஒருமுறை, அம்மா இருக்கிறாளா பார் என்று சொன்னதாகச் சொன்னேன். இன்னொருமுறை, நான் எதுவும் பேசவில்லை, காத்திருந்தேன் என்றேன். அதற்குக் கைதட்டல் அதிகம். வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்தால் அவள் பார்வை காமிராவுக்குச் சற்று மேலே, இன்னொருவரின் முகத்தில் இருக்கும்.

என் மனைவி காலமான பிறகு, சென்ற வருடம், ஆவணக் காப்பகத்துக்குத் திருத்த விண்ணப்பம் அனுப்பினேன். இன்ன எண் நெகட்டிவை எடுத்தவர் நான் அல்ல, பதிவில் திருத்தம் செய்யவும். உறுதிமொழிப் பத்திரம், மேல்தளத்திலிருந்து நான் எடுத்த இரண்டு படங்களின் பிரதி, எல்லாம் இணைத்திருந்தேன். ஒரு குறைகூடச் சொல்ல முடியாத விண்ணப்பம்.

போன வாரம் பதில் வந்தது. எழுதியவர் ஓர் இளம் பெண் அதிகாரி. கடிதத்தில் பிழையே இல்லை. நான் குறிப்பிடும் நபரே தன் கைப்பட எழுதிக் கையொப்பமிட்ட விண்ணப்பம் மூன்று நகல்களில் கோப்பில் இருக்கிறது, அதில் எடுத்தவர் என்று என் பெயரே உள்ளது, ஆகவே திருத்தத்துக்கு இடமில்லை என்று எழுதியிருந்தார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். சக கலைஞர் ஒருவருக்குப் புகழை விட்டுக்கொடுக்க முன்வந்த என் பெருந்தன்மையைத் துறை பாராட்டுகிறதாம்.

இரண்டாவது பத்தியில் ஒரு வேண்டுகோள். அடுத்த மாதம் கண்காட்சி வைக்கிறார்கள். படத்தின் கீழே போடுவதற்காக, அந்தச் சிறுமியிடம் நான் அப்போது என்ன சொன்னேன் என்பதை நூறு வார்த்தைக்கு மிகாமல் எழுதி அனுப்ப வேண்டுமாம். வெள்ளிக்கிழமை கடைசி நாள். இன்று புதன். காகிதத்தில் தேதியும் பொருளும் எழுதிவிட்டேன்.