குலுங்காமல் இருபத்துநான்கு மைல்

காசிக்கும் கொழும்புக்கும் போய்வந்தவர்கள் கண்ணால் கண்டதை எழுதுகிறார்கள். நான் மதுரையிலிருந்து உசிலம்பட்டிக்கு இருபத்துநான்கு மைல் வந்தேன். வழியில் ஒன்றையும் காணவில்லை. இரண்டு கண்களிலும் கட்டு. ஆனாலும் அந்தச் சாலையை என்னைவிட நன்றாக அறிந்தவன் ஒருவனும் இல்லை என்று பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவேன். பத்திரம் எழுதுவதுதான் என் பிழைப்பு.

வலது கண்ணில் புரை எடுத்து ஆறு நாள் ஆகியிருந்தது; அது அசையக் கூடாதென்று இடது கண்ணையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். இடது கண் வழி நடக்க உதவுமே தவிர எழுத உதவாது. ஆஸ்பத்திரியில் படுக்கைக்கு ஆட்கள் காத்துக்கிடந்ததால், வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இன்னும் ஐந்து நாள் கட்டைப் பிரிக்கக் கூடாது. தலை குலுங்கவே கூடாது. உள்ளே ரத்தம் கசிந்தால் கண் போய்விடும்." கண் போனால் பேனா போகும். பேனா போனால் நானும் என் மனைவி பேச்சியும் எதைத் தின்பது என்பதை அவர் சொல்லவில்லை.

ரயிலில் போயிருக்கலாம். யுத்தத்துக்கு வேண்டுமென்று எங்கள் ஊர் வழியாகப் போன போடி லைன் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சமிருந்தது சாலை. அதையும் பாரம் ஏற்றிய லாரிகள் உழுது போட்டிருந்தன.

காலை ஆறரை மணி. ஆஸ்பத்திரி வாசலில் எனக்காக இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று பேச்சியின் தம்பி மாயாண்டி ஓட்டும் லாரி. பெட்ரோல் கிடைக்காததால் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடுகிற பழைய வண்டி. மற்றது கோரிப்பாளையத்தில் விளக்குக் கடை வைத்திருக்கும் ஒரு பாயின் பிக்கப். சீமையிலிருந்து வந்த காரின் பின்பாதியை அறுத்து, தச்சனைக் கொண்டு பலகைத் தொட்டி அடித்தது. வாரம் ஒருமுறை அதில் அரிக்கன் விளக்குக்கான கண்ணாடிச் சிமினிகள் உசிலம்பட்டிச் சந்தைக்கு வரும்.

"மச்சான், வண்டி ரெடி. கையப் பிடிங்க" என்றான் மாயாண்டி.

"மாப்ள, டாக்டர் குலுங்கக்கூடாதுன்னுட்டார். பிக்கப்ல வாரேன்னு சொல்லிட்டேன்."

 அவன் பேச்சியிடம் போய்க் குரலைத் தாழ்த்தினான். கட்டியிருந்தது கண்ணைத்தானே, காதை இல்லையே.

"ஏக்கா, நான் ஒருத்தன் இருக்கையில மச்சானை வேத்தாளு வண்டில ஏத்துறீகளா? ஊர்ல என்னைய என்னன்னு கேப்பாக? நான் மெதுவா உருட்டிக்கிட்டே போறேன்க்கா."

"உன் வண்டில ஏறுனா வயித்துல இருக்குற சோறே வெளிய வருது. கண்ணு தங்குமாடா?" என்றாள் அவள்.

 ஆனாலும் அவன் எங்களுக்குப் பின்னாலேயே வந்தான். பருத்திக்கொட்டை மூட்டைகளோடு அந்த லாரி முனகுவது வழியெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

பிக்கப்பை ஓட்டியவர் அந்தக் கடையின் டிரைவர் காதர் பாய். என்னை முன்னால் உட்காரவைத்து, தலைக்கு இரண்டு பக்கமும் தலையணை அண்டக்கொடுத்தார். பேச்சி என் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். வாடகை இரண்டு ரூபாய். பஸ்ஸில் எட்டணாவுக்கு வந்துவிடலாம். பின்தொட்டியில் பன்னிரண்டு டஜன் சிமினி, வைக்கோலுக்குள்.

"பயப்படாதீங்கண்ணே. யுத்தத்துல சிமினி கெடைக்கிறதே கஷ்டம். உடைஞ்சா எங்க மொதலாளி என்னைய உரிச்சிருவாரு. இந்த வண்டி வந்ததுலேருந்து ஒரு டஜனுக்கு ஒண்ணுகூட உடையல" என்றார்.

கண்ணாடியே தாங்கும் என்றால் கண் தாங்காதா? தெம்பாக இருந்தது.

ஏழேகால். நாகமலை புதுக்கோட்டை, ஆறாவது மைல். "மலை வலது பக்கம் படுத்துக்கெடக்கு. பனைமரமா நிக்குது. ஒரு பொம்பள சுள்ளி சுமந்துக்கிட்டுப் போறா" என்று பேச்சி சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு மலையைப் பற்றிக் கவலையில்லை; பள்ளங்களைப் பற்றித்தான். பள்ளம் வருவது தெரிந்தது. என் இடது காலுக்குக் கீழே ஏதோ இறங்கி ஏறியது. அவ்வளவுதான்! வலது காலுக்கு அந்தச் சங்கதியே தெரியாது. தலையணையில் தலை அசையவில்லை. வியந்துபோய் என்ன மாயம் என்று கேட்டேன்.

"மாயமெல்லாம் இல்லண்ணே. லாரியில முன்சக்கரம் ரெண்டுக்கும் சேத்து ஒரே இரும்பு ஆக்ஸில். இந்தப் பக்கம் குழியில எறங்குனா அந்தப் பக்கமும் ஆடும். இதுல ரெண்டு சக்கரத்துக்கும் ஆளுக்கொரு இரும்புக் கை, ஆளுக்கொரு சுருள் ஸ்பிரிங். அவன் பாடு அவனுக்கு, இவன் பாடு இவனுக்கு."

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. லாரியின் முன்சக்கரங்கள் பிரிக்காத குடும்பச் சொத்து; இவை பாகப்பிரிவினை செய்துகொண்ட அண்ணன் தம்பிகள். நூற்றுக்கணக்கான பாகப்பிரிவினைப் பத்திரங்கள் எழுதியிருக்கிறேன். பிரிந்தபின் இத்தனை சுகமாக ஓடிய குடும்பத்தை நான் பார்த்ததில்லை. இதைச் செய்த வெள்ளைக்காரன் யாரோ, அவன் கைக்கு மோதிரம் போட வேண்டும் என்று உரக்கவே சொன்னேன். பின்னால் லாரி தடதடவென்று வந்தது.

எட்டு மணி. செக்கானூரணியில் காபி. தலையை நிமிர்த்தக் கூடாதென்பதால் பேச்சி கரண்டியால் ஊட்டினாள். மாயாண்டியும் வந்து பக்கத்தில் நின்றான். "மச்சான், எப்பிடி இருக்கு?" என்றான். "தொட்டில்ல வார மாதிரி இருக்கு மாப்ள" என்றேன். சொல்லியிருக்க வேண்டாம்.

எட்டே முக்கால். கருமாத்தூர் தாண்டியதும் வண்டி நின்றது. ஓடைப் பாலம் ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டதாம். மூன்று பர்லாங் தூரம் வண்டிப்பாதையில் சுற்றிப் போக வேண்டும். காதர் பாய் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு, உச்சுக்கொட்டிக்கொண்டே வந்தார்.

"மாட்டுவண்டி போயிப்போயி ரெண்டு பக்கமும் முழங்கால் ஆழத்துக்குத் தடம். நடுவுல மேடு, செங்கல்லு மாதிரி காய்ஞ்சு கெடக்கு. நம்ம வண்டி சொகுசுக்காரி. சக்கரம் மேல ஏறுனா வண்டியோட வயிறு கீழ எறங்கிரும். மேட்டுல இடிச்சுதுன்னா உங்க தலை எங்க போயி முட்டுமோ."

"லாரிக்கு?" என்று கேட்டாள் பேச்சி.

"அந்த ஆக்ஸிலு தரைக்கு மேல எம்புட்டு ஒசரத்துல இருக்கோ, எப்பவும் அம்புட்டு ஒசரந்தான். இடிக்காது தங்கச்சி. ஆனா உள்ள இருக்குறவன் கதி?"

 மதுரைக்குத் திரும்புவதா, அங்கேயே வெயிலில் கிடப்பதா? நடந்து போகலாமென்றால் ஒரு கல் தடுக்கினாலே கண் போய்விடும். அப்போது மாயாண்டியின் குரல் கேட்டது.

"பாய், வண்டிய ஓரங்கட்டுங்க. நான் மேட்டை மிதிச்சு ஒடைச்சுவிடுறேன்."

"தம்பி, ஸ்பிரிங் பட்டை ஒடைஞ்சா உன் மொதலாளி சும்மா இருப்பாரா?"

"அத நான் பாத்துக்கிறேன்."

அதன்பின் நடந்ததை நான் கேட்டேன், பேச்சி பார்த்தாள். ஒரு பக்கத்துச் சக்கரங்களை நடுமேட்டின்மேல் ஏற்றி, மறுபக்கத்தைப் பாதையோரக் கொழுஞ்சிப் புதரில் விட்டு, பாரத்தோடு லாரியை அழுத்திக்கொண்டு போனான். மேடு நொறுங்கும் சத்தம் வந்தது. கடைசிவரை போய், பின்பக்கமாகவே ஓட்டித் திரும்பி வந்தான். மறுபடி போனான். ஒவ்வொரு தடவையும் அந்த ஒற்றை இரும்பு ஆக்ஸில் முழுக்க அதிர்ந்து, ஒரு சக்கரத்தின் அடி மறு சக்கரத்துக்குப் போய், அங்கிருந்து அவன் உடம்புக்குப் போவதை நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே உணர்ந்தேன்.

"சாயிது… நிமுந்துருச்சு… புழுதி பனை ஒசரத்துக்குப் போகுது. கதவப் பிடிச்சுக்கிட்டு ஓட்டுறான். ஐயோ…"

"என்ன பேச்சி?"

"ஒண்ணுமில்ல. நீங்க தலைய ஆட்டாதீங்க."

நான்கு முறை போய்வந்து, ஐந்தாம் முறை போய் மறுமுனையில் நின்றுகொண்டான். பிறகு காதர் பாய் பிக்கப்பை நடைவேகத்தில் விட்டார். நொறுங்கிய மண்மேல் வண்டி மெத்தையில் போவதுபோல் போயிற்று. மூன்று பர்லாங்கிலும் வண்டியின் வயிறு ஒரே இடத்தில் லேசாக உரசியது, அதோடு சரி. மறுமுனையில் மாயாண்டி எங்களிடம் வந்து பேசவில்லை. அடுப்புக்குக் கரி போடுகிறானாம்.

பதினொரு மணி பத்து நிமிடம். உசிலம்பட்டி. காதர் பாய் சிமினிகளை எண்ணிவிட்டு, "அல்லா காப்பாத்துனான், ஒண்ணுகூட உடையல" என்றார். லாரி நிற்காமல் எங்களைக் கடந்து போய்விட்டது. அவன் இன்னும் கோபத்தில் இருக்கிறான் என்றுதான் நினைத்துக்கொண்டேன். அடுத்த நான்கு நாளும் அவன் வீட்டுப் பக்கம் வரவில்லை. கேட்டால் பேச்சி, லோடு போயிருக்கான் என்றாள்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் கம்பவுண்டர் வந்து கட்டைப் பிரித்தார். வெளிச்சம் கூசக்கூடாதென்று கதவைச் சாத்தி, அரிக்கன் விளக்கைத் தணித்து வைத்திருந்தார்கள். டாக்டர் கொடுத்தனுப்பிய தடித்த கண்ணாடியை வலது கண்ணுக்கு நேரே பிடித்தார். முதலில் மஞ்சளாக ஏதோ மிதந்தது. பிறகு சிமினிக்குள் சுடர் தெரிந்தது. பிறகு, அதற்குப் பின்னால் ஒரு முகம்.

"தெரியுதா மச்சான்?"

தெரிந்தது. வடக்கே தலைமயிர், தெற்கே வலது புருவம், கிழக்கே நடுநெற்றி, மேற்கே காது. இந்த நான்கெல்லைக்குள் மூன்று அங்குல நீளத்துக்கு ஒரு காயம், பொருக்குத் தட்டியிருந்தது. அன்று மேட்டை உடைத்தபோது லாரிக் கதவின் கட்டையில் மோதிக் கிழிந்ததாம்.

பேச்சியைத் திரும்பிப் பார்த்தேன். "அன்னிக்கே சொன்னா நீங்க பதறித் தலைய ஆட்டிருவீங்கன்னு இவன்தான் சொல்ல வேணாம்னான். வந்தா யாராச்சும் காயத்தப் பத்திக் கேட்டுருவாகன்னுதான் வீட்டுப் பக்கமும் வரல" என்றாள். நான் கை நீட்டி அந்தக் காயத்தின் ஓரத்தைத் தொட்டேன். "அழுதுகிழுது தொலைக்காதீக, கண்ணு கெட்டுப்போகும்" என்று உடனே அதட்டினாள். நான் அழத்தான் செய்தேன். கண் கெட்டுப்போகவில்லை.

கண்ணாடிக்கு அளவு கொடுக்க அடுத்த மாதம் மதுரைக்குப் போக வேண்டும். முன்னால் இடம் வைத்திருப்பதாகக் காதர் பாய் சந்தையில் சொல்லியனுப்பினார். இந்தச் சாலையில் அவர் வண்டியைப்போல் ஒரு வண்டி கிடையாது. அதையும் பத்திரத்தில் எழுதித் தருகிறேன். ஆனால் நான் மாயாண்டியின் லாரியில்தான் போகப்போகிறேன். இனிமேல் கொஞ்சம் குலுங்கலாம் என்று கம்பவுண்டர் சொல்லிவிட்டார்.