கடித்துக் கொடுத்த கருப்பட்டி

பள்ளிக்கூடம் போகும் அவசரத்தில், பத்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தேன். காதுக்குக் கீழே என் விரலில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. கை அப்படியே நின்றுவிட்டது. அழுத்திப் பார்த்தேன்.

"ஆ, வலிக்குதும்மா" என்றாள்.

பிள்ளைக்கு வலிக்கிறதே என்று சந்தோஷப்பட்ட தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஏனென்றால் என் அண்ணன் கழுத்தில் வந்த கட்டி வலிக்கவே இல்லை.

மகளுக்குக் கட்டி வந்த அந்தச் சமயம் அண்ணன், பதுளைக்குப் பக்கத்தில் ஹாலிஎலயில், எங்கள் வீட்டில்தான் இருந்தார். அதற்கு முன்னால் தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. ஒரு பக்கக் காது அடைத்தது. மூக்குச் சிந்தினால் ரத்தம் வந்தது. "சளிதான் புள்ள, தேயிலைத் தூசி" என்று மாதக்கணக்கில் சமாளித்தார். கழுத்தில் கட்டி எழும்பிய பிறகுதான் நான் சண்டை போட்டுப் பதுளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். மூக்குக்குப் பின்பக்கம் புற்றுநோய் என்றார்கள். கதிர்வீச்சு வைத்தியம் கொடுத்தார்கள்; எங்கள் ஆட்களுக்கு அது 'கரண்ட் பிடிப்பது'. தோட்டத்திலிருந்து கிளினிக்குக்கு நேரத்துக்குப் பஸ் கிடைக்காது என்பதால் என்னோடேயே வைத்துக்கொண்டேன்.

அந்த நோய்க்குப் பின்னால் ஒரு வைரஸ் இருக்கிறது என்று டொக்டரம்மா அப்போதே விளக்கியிருந்தார். ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்ததாம். எச்சில் வழியாகப் பரவுமாம். அநேகமாக எல்லோருடைய உடம்பிலும் அது இருக்குமாம், பெரும்பாலானவர்களை ஒன்றும் செய்யாதாம். இவ்வளவிலும் எச்சில் என்ற ஒரு சொல்தான் என் காதில் ஏறியது.

எங்கள் வீட்டில் பால் விடாத பிளேன்டீக்குச் சீனி போடுவதில்லை. கித்துள் பனைக் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்போம். தோட்டத்து லயத்துக் காம்பராவில், ஒற்றை அறையில், வளர்ந்த காலத்தில் எல்லோருக்கும் ஒரே கட்டிதான். அம்மா கடித்து அண்ணனுக்கு, அண்ணன் கடித்து எனக்கு. என் மகளும் நடக்கத் தொடங்கியதிலிருந்து, மாமன் வரும்போதெல்லாம் அவர் கடித்ததைத்தான் கேட்பாள். புதுக் கட்டியைக் கையில் கொடுத்தால் வீசிவிடுவாள், அவ்வளவு கொழுப்பு.

அண்ணனின் நோய் தெரிந்த பிறகு நான் கருப்பட்டியை உடைத்து ஆளுக்கொரு தட்டில் வைக்க ஆரம்பித்தேன். எறும்பு வருகிறது என்று ஒரு சாக்கு. தட்டுக்கும் எறும்புக்கும் என்ன சம்பந்தமென்று அண்ணன் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து தன் கிளாசைத் தானே கழுவித் தனியாகக் கவிழ்த்து வைத்தார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் நான் தடுக்கவில்லை.

பின்னல் போட்ட அந்தக் காலைக்குப் பிறகு மகளுக்குக் காய்ச்சல் அடித்தது. தொண்டை வீங்கி எச்சில் விழுங்க முடியவில்லை. ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை நான் சாப்பிட்டதும் தெரியாது, தூங்கியதும் தெரியாது. அவள் தூங்கும்போது கழுத்தைத் தடவித் தடவிப் பார்ப்பேன். போன தடவையைவிடப் பெரிதாகிவிட்டதென்று ஒவ்வொரு தடவையும் தோன்றும்.

முடிவைப் பார்த்ததும் டொக்டரம்மா சிரித்தார். "சுரப்பிக் காய்ச்சல்தான். இந்த வயசுல வர்றது. கட்டி தானா வத்திரும். இதுவும் உங்க அண்ணனுக்கு இருந்த அதே வைரஸ்தான்."

அதே என்றதும் கதிரையைப் பிடித்துக்கொண்டேன். "அப்ப அண்ணனோட வருத்தம் இவளுக்கும் வருமா?"

"ஒரே வைரஸ்னாலும் அதுக்குள்ள பல வகை இருக்கு. மரபணுவுல சின்னச் சின்ன வித்தியாசம். சில நாடுகள்ல இந்த மூக்குப் புற்றுநோய் வந்தவங்ககிட்ட சில வகைகளைக் கூடுதலாப் பாத்திருக்காங்க. ஆனா அந்த வகை இருக்கிற எல்லாருக்கும் நோய் வர்றதில்ல. உடம்பு வாகு, பரம்பரை, சாப்பாடு, எல்லாம் சேரணும்."

விதைத் தேயிலை போட்ட பழைய மலை என் நினைவுக்கு வந்தது. எல்லாம் தேயிலைதான், ஆனால் ஒரு செடி மாதிரி இன்னொரு செடி இருக்காது. எந்தச் செடியில் நோய் விழும் என்று கங்காணிக்கும் தெரியாது.

"இவளுக்கு எந்த வகைன்னு பாக்க முடியாதா?"

"இங்க பாக்கிறதில்ல. பாத்தாலும் செய்யிற வைத்தியம் மாறப்போறதில்ல." மாமன் கடித்துக் கொடுத்த கருப்பட்டியைப் பற்றிச் சொன்னேன். அவர் மெதுவாகச் சொன்னார். "மாமாகிட்ட இருந்து வர்றதா இருந்தா சின்ன வயசிலயே வந்திருக்கும். இது இப்பதான் தொத்தியிருக்கு. யாரோ கூட்டாளியோட தண்ணிப் போத்தலா இருக்கும். அண்ணனோடது உங்க அம்மாகிட்ட இருந்து வந்திருக்கலாம். அப்பிடின்னா உங்ககிட்டயும் அதேதான் இருக்கும்."

எனக்குள் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். மகளுக்குள் போனது இனி ஆயுசுக்கும் வெளியே வராது என்றும் சொல்லிவிட்டார். பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். நான் பயந்துகொண்டே வந்தேன்.

அன்று சாயங்காலம் மூவரும் தேத்தண்ணிக்கு உட்கார்ந்தோம். அண்ணன் ஒரு துண்டுக் கருப்பட்டியை வாயில் போட்டார். இந்தப் பக்கம் ஒதுக்கினார், அந்தப் பக்கம் ஒதுக்கினார். பிறகு வெளியே எடுத்துத் தட்டில் வைத்தார்.

"கரைய மாட்டேங்குது புள்ள. கரண்ட் புடிச்சதுல இருந்து வாய் காஞ்சு கெடக்கு."

மகள் பழைய பழக்கத்தில் அந்தத் துண்டை எடுக்கக் கையை நீட்டினாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். டொக்டரம்மா சொன்னதெல்லாம் ஞாபகம் இருந்தது. இருந்தும் கை விடவில்லை.

அண்ணன் என் கையைத்தான் பார்த்தார். "புடிச்சுக்க. நல்லதுதான்" என்றார். "எங்கிட்ட இருந்துதானா போச்சு?"

"இல்லண்ணே. டொக்டர் இல்லன்னுதான் சொன்னாங்க."

"அப்பறம் ஏன் புள்ள புடிக்கிற?"

மகளின் கையை விட்டுவிட்டு, அந்தத் துண்டை எடுத்து என் வாயில் போட்டுக்கொண்டேன். நான் இத்தனை நாள் பயந்த எச்சில் அதில் ஒரு பொட்டுக்கூட இல்லை. அண்ணன் அவ்வளவு நேரம் வாயில் வைத்திருந்தும், அது நனையவே இல்லை.