நாலாம் நாள் பூசணம்

பூசணத்திலிருந்து மருந்தாம், பெனிசிலினாம் என்று பேச்சு ஊரெல்லாம் அடிபட்ட காலம். எனக்கு இருபத்திரண்டு வயது. திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் தற்காலிக வேலை. சீழ்க் கிருமி தடவிய கண்ணாடித் தட்டில் ஆடாதோடை இலைத் துண்டை வைத்து, சுற்றிலும் கிருமி சாகிறதா என்று பார்க்க வேண்டும். அப்பா போனபின் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தச் சம்பளத்தில்தான்.

சாயங்காலம் வலியசாலை வீட்டுக்குத் திரும்பினால் அம்மா வாசலிலேயே நிறுத்துவாள். "சீழைத் தொட்ட கை. கொல்லை வழியா வந்து கிணத்தடியில குளி. ஒண்ணையும் தொடாதே." வீட்டில் என் டம்ளர் தனி. ஆய்வுக்கூடத்திலும் தனிதான்; பெண் என்று இருந்தது நான் ஒருத்தி. மத்தியானம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு தயிர்சாதம் சாப்பிடுவேன். சில நாள் என் குரலே எனக்கு மறந்துபோகும்.

இந்த லட்சணத்தில் பூசணம் வேறு. இலையை எத்தனை தரம் ஸ்பிரிட்டில் முக்கி எடுத்தாலும், பல தட்டுகளில் நாலாம் நாள் அதன் வெட்டிய ஓரத்திலிருந்து வெள்ளையாகக் கிளம்பிவிடும். மலையாளிப் பேராசிரியர் தட்டைத் தூக்கிப் பார்த்து, "கை சுத்தமில்லா, குட்டீ" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டில்தான் இந்தப் பாட்டு என்றால் இங்கேயுமா?

ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் இரண்டு தட்டு வைத்தேன். ஒன்றில் இலை. இன்னொன்றை அதே கையால் திறந்து, இலை வைக்காமல் மூடினேன். நாலாம் நாள் இலையில்லாத தட்டில் கிருமி மட்டும் வளர்ந்திருந்தது. பூசணம் ஒரு பொட்டுக்கூட இல்லை. இலைத் தட்டில் பூசணம், அதைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குக் கிருமியே இல்லாத வட்டம். வெறும் இலை ஒருநாளும் அப்படிக் கொன்றதில்லை. தட்டைப் பேராசிரியரிடம் எடுத்துப்போனேன்.

"சார், இது இலைக்குள்ளேயிருந்தே வருது."

சிரித்தார். "பச்சை இலைக்குள்ளே பூசணமோ? நல்ல கதை! இனியும் இது கண்டா ஜோலி இல்லா, கேட்டோ."

வட்டத்தையாவது பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். வேலை போனால் அணையும் அடுப்பு ஞாபகம் வந்தது. தட்டைக் கொதிநீரில் போட்டேன். அதன்பின் தினமும் அவர் வருமுன்னே, பூசணம் கண்ட தட்டுகளை நானே பொறுக்கிக் கொதிக்கவைத்தேன். ஒவ்வொன்றிலும் அந்த வட்டம் இருந்தது. வேலை நிலைத்தது. "இப்போ கை சுத்தமாயி" என்று பாராட்டினார்.

வெகுகாலம் கழித்து ஒரு நூலகத்தில் படித்தேன்: நோயில்லாத இலைக்குள்ளும் பூசணங்கள் குடியிருக்கும், அவற்றில் சில கிருமியைக் கொல்லும். திரும்பவும் படித்தேன். பக்கத்தில் சொல்வதற்கு ஓர் ஆள் இல்லை. புத்தகத்தை மூடிவிட்டு எழுந்துபோய், பழக்கதோஷம், குழாயடியில் கை கழுவினேன்.