ஈப்போ காருக்கு ஒரு திண்டுக்கல் புல்லி

திண்டுக்கல்லில் நடுத்தெருவில் காரின் பானெட்டைத் திறப்பதும் கல்யாண வீட்டில் இலை போடுவதும் ஒன்றுதான். யாரையும் அழைக்க வேண்டியதில்லை, ஆள் வந்துவிடும். வந்த புதிதில் எனக்கு இது விளங்கவில்லை. ஈப்போவில் ஒருவன் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு அரை நாள் நின்றாலும் போகிறவர் போவார், வருகிறவர் வருவார். மிஞ்சிப்போனால் ஒரு சீனர் சைக்கிளை விட்டு இறங்காமலே தலையை மட்டும் திருப்பிப் பார்ப்பார். இங்கே ஸ்டேஷன் ரோட்டில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற பானெட்டைத் தூக்கினேன். மறுபடி மூடுவதற்குள் பதினொரு பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர் என் மாமனாரின் ஊரைக் கேட்டார், இன்னொருவர் எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார், மூன்றாமவர் எஞ்சினுக்கு விளக்கெண்ணெய் குளிர்ச்சி என்றார். காருக்கு என்ன கோளாறு என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கோளாறு அவர்களுக்கே தெரியும். பதினொரு பேருக்கும் பதினொரு விதமாகத் தெரியும்.

மலாயாவில் இருக்கும் என் பழைய சகாக்களே, கடிதத்துக்குக் கடிதம் "ஊர் எப்படி?" என்று கேட்கிறீர்கள். யாருடைய ஊர் என்பதில்தான் எனக்குச் சிக்கல். நான் பிறந்தது ஈப்போ பக்கத்து ரப்பர் தோட்டத்தில். கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்ததும் அங்கேதான். கப்பலில் வந்திறங்கிய பெண்ணைக் கட்டிக்கொண்டேன்; அவள்தான் வள்ளி, குஜிலியம்பாறை பக்கத்துக்காரி. மலாயா சுதந்திரம் அடைந்த மறு வருஷம் ஒரு நாள் அவள் சோற்றைப் போட்டுவிட்டு, "பன்னெண்டு வருசம் உங்க ஊர்ல இருந்தேன்ல, இனி எங்க ஊர்ல வந்து இருங்க" என்றாள். கணக்கு நியாயமாகத்தான் இருந்தது. நான், வள்ளி, இரண்டு பிள்ளைகள், என் சின்னக் கார் எல்லோரும் ஒரே கப்பலில் வந்து சேர்ந்தோம். காருக்கும் வயது கொஞ்சமில்லை. அதன் மைல் எண்கள் ஒருமுறை முழுதாக ஓடி முடித்து, பிறந்த குழந்தை மாதிரி மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருந்தன.

வந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. மாமனாருக்கு இருப்பது மானாவாரி நிலம். எனக்கு ஏர் பிடிக்கத் தெரியாது, மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போடத் தெரியாது, வானத்தைப் பார்த்து மழை சொல்லத் தெரியாது. தோட்டத்தில் முந்நூறு பேருக்குப் பெயர் கூப்பிட்டவன் இங்கே ஒரு எருமையைக் கூப்பிட்டால் அது திரும்பிப் பார்ப்பதில்லை. "மலாயாக்காரர் நல்ல மனுசன், ஆனா ஒண்ணுக்கும் ஆகமாட்டார்" என்று ஊரில் பேச்சு. கூடவே, "காரு வச்சிருக்காருல்ல" என்று யாராவது ஒருவர் சேர்த்துக்கொள்வார். அந்த ஊரில் என் மானம் அந்த ஒரு வாக்கியத்தில்தான் நின்றது.

இந்த நிலையில் என் மைத்துனனுக்குத் தாடிக்கொம்பில் பெண் அமைந்தது. மாமனார் எனக்குச் சொல்லாமலே பத்திரிகை அடித்துவிட்டார். மஞ்சள் தடவிய பத்திரிகையைப் பிரித்தால், "மாலை ஆறு மணிக்கு மாப்பிள்ளை அழைப்பு" என்ற வரிக்குக் கீழே, தாத்தா பெயரைவிடப் பெரிய எழுத்தில் "மோட்டார் காரில்" என்று இருந்தது. சரியாக அதே வாரத்தில் கார் கீச்சுக் கீச்சென்று கத்தத் தொடங்கியது. நாலு மைல் போவதற்குள் கொதித்து ஆவி விட்டது.

எஞ்சினின் முன்மூக்கில் ஒரு சிறிய சக்கரம் உண்டு. கிராங்க் புல்லி என்பார்கள். அதில் மாட்டிய பெல்ட்தான் காற்றாடியையும் தண்ணீர் பம்பையும் டைனமோவையும் சுற்றிவிடும். என் கார்ப் புல்லி ஓடி ஓடித் தேய்ந்து, பெல்ட் உட்காரும் பள்ளம் கண்ணாடி போல வழுக்கியது. நடுத்துளையும் பெரிதாகி, சக்கரம் கல்யாணத்துக்குக் குடித்துவிட்டு வந்த சித்தப்பா போல ஆடியது. திண்டுக்கல் மெக்கானிக் காதர் பாய் அதைத் தொட்டு ஆட்டிப் பார்த்துவிட்டு, இந்தக் காருக்கு மதுரையிலும் சாமான் கிடைக்காது என்று கையை விரித்தார். கழற்றிக் கொடுத்தால் ஆறுமுக ஆசாரியின் லேத் பட்டறையில் புதிதாகவே கடைந்து வாங்கிவிடலாம் என்றார்.

கழற்றுவது லேசாக இல்லை. ஈப்போவில் என் மெக்கானிக் ஆ செங் மூன்று கொக்கி வைத்த ஒரு கருவியை மாட்டி, வாயிலிருந்து சிகரெட்டை எடுக்காமலே உருவிவிடுவார். காதர் பாயிடம் அந்தக் கருவி இல்லை, ஆனால் ஜனம் இருந்தது. ரேடியேட்டரைக் கழற்றி ஒரு ஆசாமியின் மடியில் வைத்தார். அவர் அதைக் கைக்குழந்தை போல ஏந்தி உட்கார்ந்திருந்தார். காரை கியரில் போட்டு, பெரிய நட்டில் ஸ்பானரை மாட்டி, அதன் மேல் பாய் ஏறி நின்றார். வண்டி நகராமல் இருக்க ஆறு பேர் முன்னாலிருந்து முட்டுக்கொடுத்தார்கள். அவர்கள் முட்டிய வேகத்தில் கார் பின்பக்கமாகவே போகத் தொடங்கியது. பதற்றத்தில் எனக்கு மலாய்தான் வந்தது. "பெலான், பெலான்" என்று கத்தினேன். மெதுவாக என்று அர்த்தம். அவர்கள் அதை மலாயா நாட்டு ஏலேலோ என்று நினைத்துக்கொண்டு, எல்லோரும் சேர்ந்து "பெலான்! பெலான்!" என்று பாடிக்கொண்டே இன்னும் பலமாகத் தள்ளினார்கள். கார் வேப்பமரத்தில் போய் முட்டி நின்றது. அந்த அதிர்ச்சியிலேயே நட்டு கழன்றது. இதுதான் திட்டம் என்பது போல பாய் கையைத் துடைத்துக்கொண்டார்.

ஆசாரியிடம் புல்லியைக் கொடுக்கும்போது, அவசரத்தை உணர்த்துவதற்காக, இது கல்யாணத்துக்கு வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னேன். அதுதான் நான் செய்த தப்பு. உடைந்த ஆயில் எஞ்சின் சக்கரம் ஒன்றிலிருந்து அவர் கடைந்து வைத்திருந்ததைக் கல்யாணத்துக்கு முதல் நாள் போய்ப் பார்த்தேன். வேலை சுத்தமோ சுத்தம். முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். ஆனால் பழைய புல்லியை அதன் மேல் வைத்தால், தட்டின் மேல் கிண்ணம் வைத்தது போல இருந்தது. விட்டம் இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் கூடுதல்.

ஆசாரிக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை. "பழசு எம்புட்டுத் தேஞ்சிருக்குன்னு யாருக்குத் தெரியும்? அதான் கொஞ்சம் தாராளமா விட்டிருக்கேன். கல்யாணத்துக்கு ஓடுற வண்டி. பத்தலைன்னு ஒரு சொல் வந்துரக் கூடாதுல்ல?" என்றார்.

கொஞ்சம் குறைத்துத் தரச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. கல்யாணத்துக்கென்று செய்து, சூடம் காட்டி, சந்தனம் வைத்த பொருள். அதைப் போய்க் குறைப்பதா என்று கேட்டார். பந்தியில் வைத்த லட்டை எடுத்துப் பாதியைப் பிட்டுக்கொள்ளச் சொன்னவனைப் போல என்னைப் பார்த்தார். வேறு வழியும் இல்லை, நாளும் இல்லை. புல்லி பெரிதானதால் பழைய பெல்ட் எட்டவில்லை. காதர் பாய் ஒரு மாவு மில்லிலிருந்து நீளமான பெல்ட்டை வாங்கி வந்து மாட்டினார். ஹாண்டிலைப் போட்டு ஒரு சுற்றுச் சுற்றியதும் எஞ்சின் பிடித்தது. அதோடு காற்றாடி ஆடிமாதத்துக் காற்றைப் போல 'ஊ' என்று ஓலமிட்டது. பெரிய சக்கரம் சுற்றினால் காற்றாடி பழைய வேகத்துக்கு ஒன்றரைப் பங்கு சுற்றும் என்பது கிராணிக்குக் கூடத் தெரிந்த கணக்கு. எனக்கு அழுகை வந்தது. மாமனார் மட்டும் சந்தோஷமாக, "இப்பத்தான் மாப்ள, காரு சத்தம் மாதிரி இருக்கு" என்றார்.

மாப்பிள்ளை அழைப்பு என்றால் என்ன வேகம் என்று உங்களுக்குத் தெரியும். நத்தை நம்மைத் தாண்டிப் போகும். புத்தம்புதுக் காரே அந்த நடைக்குக் கொதித்துவிடும். மைத்துனன் தலைப்பாகையும் கண்ணாடியுமாகப் பின்னால் உட்கார்ந்திருந்தான். முன்னால் நாயனமும் தவிலும், சுற்றிலும் இரண்டு ஊர் ஜனமும். நான் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு பானெட் இடுக்கில் ஆவி வருகிறதா என்று மட்டுமே பார்த்தேன். முதல் தெரு முடிவதற்குள் நாயனக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டுத் திரும்பினார். கார் ஜன்னலருகே வந்து, மரியாதையாகத்தான் சொன்னார்.

"சாமி, ஒண்ணு நீங்க வாசிங்க. இல்ல நான் வாசிக்கிறேன்."

கூட்டம் அமைதியானது, கார் அமைதியாகவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டால் தள்ளித்தான் கொண்டுபோக வேண்டும். பத்திரிகையில் மோட்டார் கார் என்று போட்டுவிட்டு மாப்பிள்ளையைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள் என்று தாடிக்கொம்பு மூன்று தலைமுறைக்குச் சொல்லும். அதோடு என் கதையும் முடிந்தது. மாமனார் வாயைத் திறப்பதற்குள் பெண்ணின் அப்பா முன்னால் வந்தார். இவர் நம்மைக் கிழித்துத் தோரணம் கட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"அப்பு, நாயனம் எல்லாக் கல்யாணத்துலயும் இருக்கு. இந்தச் சத்தம் எங்க வீட்டுக் கல்யாணத்துல மட்டுந்தான். நிறுத்தாதீக, வரட்டும்" என்றார் என்னைப் பார்த்து.

நாயனக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்றைக்கு அவர் வாசித்தது போல அதற்கு முன்னும் பின்னும் வாசித்ததில்லை என்று சொல்கிறார்கள். பெருமாள் கோயில் தெருக்களை ஒன்றேகால் மணி நேரம் சுற்றினோம். கிரில்லில் கட்டியிருந்த வண்ணக் காகிதமெல்லாம் காற்றாடி இழுத்த இழுப்பில் உள்பக்கம் ஒட்டிக்கொண்டது. ஆனால் துளி ஆவிகூட வரவில்லை. பெண் வீட்டு வாசலில் பானெட்டைத் தொட்டுப் பார்த்தேன், கை பொறுக்கும் சூடுதான். இங்கிலாந்துக்காரன் குளிர் தேசத்தில் நாற்பது மைல் வேகத்துக்கு என்று செய்த வண்டி அது. மாட்டு வண்டிக்குப் பின்னால் சித்திரை வெயிலில் ஊர்வதற்கு எத்தனை பெரிய புல்லி வேண்டும் என்று ஆசாரிதான் கண்டுபிடித்தார், அதுவும் தெரியாமல்.

அதன்பிறகு ஊரில் என்னைப் பற்றிய பேச்சு மாறிவிட்டது. குஜிலியம்பாறை ரோட்டில் அரை மைலுக்கு அப்பாலேயே சத்தம் கேட்கும். மூட்டை முடிச்சோடு ஆட்கள் ஏறிக்கொள்ள ரோட்டோரம் தயாராக நிற்பார்கள். எனக்குள் இருந்த கிராணிக்குத்தான் உறுத்தல். கணக்குப்படி இல்லாத ஒன்று என் எஞ்சினில் ஓடுகிறதே என்று. ஆ செங்குக்கு எழுதிப்போட்டேன். இரண்டு மாதத்தில் மெழுகுத் தாளில் சுற்றிய அசல் புல்லி பார்சலில் வந்தது. அந்த கிரீஸ் வாசனையை முகர்ந்துகொண்டு செத்த நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கடைவாசல் நடையில் போட்ட ஈப்போவின் ஐந்தடிக்கடை, மழை, ஆ செங்கின் பட்டறை எல்லாம் அதில் இருந்தன. அன்றே மாட்டச் சொன்னேன்.

கார் மறுபடி பூனை போலாயிற்று. மறுநாள் திண்டுக்கல்லிலிருந்து திரும்பும்போது வைக்கோல் வண்டிகளுக்குப் பின்னால் மாட்டி மூன்று தடவை கொதித்தது. ஊருக்குள் நுழைந்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியூர்க்காரனைப் போல என் வீட்டு வாசலில் போய் இறங்கினேன். வள்ளி திடுக்கிட்டு எழுந்தாள். "சத்தமே கேக்கல. வரமாட்டீகன்னு நெனச்சு வெஞ்சனத்தைப் புள்ளைகளுக்கே வச்சுட்டேன்" என்றாள். அன்று தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லாத மோர்ச்சோறுதான்.

மறுபடி ஆசாரியின் புல்லியை மாட்டினேன். பிறகு மதுரைக்கு நெடுந்தூரம் போக வேண்டியிருந்தது. அந்த ஓலத்தைத் தாங்க முடியாமல் அசலுக்கு மாறினேன். இப்படி நாலைந்து முறை ஆனதும் காதர் பாய், "எதுன்னு முடிவு பண்ணிட்டு வாங்க சார்" என்று சொல்லிவிட்டார். முடிவுதான் வரவில்லை. எது எஞ்சினில் இருந்தாலும் மற்றது டிக்கியில் கிடக்கிறது. ஒன்றை எடைக்குப் போட்டுவிடுங்கள் என்றாள் வள்ளி. எதை என்று கேட்டேன். அவளும் பன்னிரண்டு வருஷம் ஈப்போவில் இருந்தவள்தானே, டிக்கியைச் சாத்திவிட்டு உள்ளே போனாள். இப்போதெல்லாம் வண்டி வளைவில் திரும்பும்போது டிக்கிக்குள் கிடக்கும் புல்லி உருளத் தொடங்கும். நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்திக்கொள்கிறோம். அது அந்தப் பக்கம் போய் முட்டி நின்ற பிறகு விட்ட இடத்திலிருந்து பேசுகிறோம்.